திறந்தவர்கள் பட்டியல்

ஜூன் 6, வெள்ளி

மாலை ஆறரைக்கு ‘வாரம் ஒரு பூச்சி’ போய்விட்டது. இந்த வாரம் குழிநரி. மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து, அடியில் உட்கார்ந்துகொண்டு, எறும்பு சறுக்கி விழும்வரை அசையாமல் காத்திருக்கும் ஜீவன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இருபது வருஷமாகப் பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். முன்வரிசையில் மூன்று பேரைத் தவிர எவரும் காது கொடுத்ததில்லை. இந்தக் கடிதத்துக்கு மட்டும் இத்தனை பேர். பெருமைப்படாமல் என்ன செய்வது?

அனுப்பியதும் நான் செய்கிற முதல் வேலை, அனுப்பும் நிறுவனத்தின் தளத்தில் ‘திறந்தவர்கள்’ என்ற பட்டியலைப் பார்ப்பது. யார் யார் எத்தனை மணிக்குப் பிரித்தார்கள் என்று பெயரோடு காட்டும். 6:31, செண்பகம். என் தங்கை. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை, ஒரே நிமிஷத்தில் பிரித்துவிடுவாள். பேசாவிட்டால் போகிறாள், படிக்கிறாள் அல்லவா?

தோசைக்கு மாவு இல்லை. உப்புமா கிண்டினேன். ஒருத்திக்கு எவ்வளவு ரவை என்று இன்னும் கை அளவு பிடிபடவில்லை, மீந்துபோனது.

ஜூன் 9, திங்கள்

மூன்று புகார். ஒருவருக்கு என் கடிதம் ஸ்பாமில் விழுகிறதாம். இன்னொருவருக்கு விளம்பரங்களோடு சேர்ந்து, சேலைத் தள்ளுபடிக்கும் வங்கிக் கடனுக்கும் நடுவில் கிடக்கிறதாம். மூன்றாமவருக்குப் பிப்ரவரியிலிருந்து வரவே இல்லை. நான் அவரை நீக்கிவிட்டேன் என்று மனசு சங்கடப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அனுப்பும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஒரு பதில் வந்தது. முக்கியமாம், மண்ணாங்கட்டி.

மதியம் ரெஜினாவிடம் புலம்பினேன். கணினித் துறையில் இருக்கிறாள். என் டப்பாவிலிருந்து கேட்காமல் அப்பளம் எடுக்கும் உரிமை இந்தக் கல்லூரியில் அவள் ஒருத்திக்குத்தான். மெயிலைத் தலைமுழுகிவிட்டு ஃபீட் வையுங்கள் என்றாள். பிளாக் எழுதிய காலத்தில் செய்தியோடை என்று சொன்னோமே, அதுதான். என் இணையதளத்திலேயே அதற்கு வசதி இருக்கிறதாம், நான்தான் மூடி வைத்திருக்கிறேனாம். தளத்தில் புதுப் பூச்சி ஏறியதும் ஓடையிலும் சேர்ந்துவிடும். வாசகர் தன் போனில் ஒரு ரீடர் செயலியை வைத்துக்கொண்டு அதில் என் ஓடையின் முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். அந்தச் செயலியே அவ்வப்போது வந்து பார்த்து, புதிதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகும். ஸ்பாம் கிடையாது, நடுவில் கம்பெனி கிடையாது, ஊராருடைய மின்னஞ்சல் முகவரிகளை எல்லாம் நான் வாங்கிப் பூட்டிவைக்க வேண்டியதும் கிடையாது.

“மெயில்னா நீங்க வீடு வீடாப் போயிக் கதவத் தட்டுதீங்க மேடம். இது வாசல்ல கோலம் போட்டுவச்ச மாதிரி. பாக்குதவங்க பாத்துட்டுப் போவாங்க.”

“யாரு பாத்தாங்கன்னு நமக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதுதான அதுல விசேஷமே.”

எனக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன்.

ஜூன் 13, வெள்ளி

பிள்ளைப்பூச்சி. கணினித் திரையில் படித்தால் என் பிழை என் கண்ணுக்கே தெரியாது. அதனால் வழக்கம்போல முதலில் தளத்தில் வெளியிட்டு, போனில் ஒருமுறை படித்துவிட்டு, உடனே அழித்தேன். மூன்று பிழை. தளத்துக்கு யார் மெனக்கெட்டு வருகிறார்கள், இரண்டு நிமிஷம் கிடந்தால் குடியா முழுகிவிடும்? திருத்திய பிறகு மெயிலில் அனுப்பினேன்.

6:31. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு கடிதம். காஜா மைதீன், ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நண்பர் ஒருவர் காட்டி என் குழிநரியைப் படித்திருக்கிறார். தன் மெயில் பெட்டியில் நாலாயிரம் கடிதம் பிரிக்காமல் கிடப்பதாகவும், அந்தப் பக்கமே போவதில்லை என்றும், முப்பது தளங்களை ரீடரில் வைத்துத் தினமும் டீ குடித்துக்கொண்டே படிப்பதாகவும் எழுதியிருந்தார். உங்களுக்கு ஓடை இல்லையா என்று கேட்டிருந்தார். ‘குழிநரியைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுக்க வேண்டுமா? அந்தக் குழிநரிகூட எறும்பிடம் அதைக் கேட்பதில்லையே.’

குசும்பு பிடித்த மனிதர். யோசிக்கிறேன் என்று இவருக்கும் பதில் எழுதினேன். எல்லோருக்கும் இதே பதில்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

மாலை துறைக் கூட்டம் என்பதால் காலை பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டேன். சில்வண்டு. செண்பகம் இந்நேரம் பார்க்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே பட்டியலைத் திறந்தால், 11:01! அங்கே அப்போது காலை ஒன்பதரை. வெள்ளி அவளுக்கு விடுமுறை. எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் என் சில்வண்டைப் பிரித்திருக்கிறாள் கழுதை.

நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். கூட்டத்தில் முதல்வர் என்ன பேசினார் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. பாசி ஒரு விரல் கனம்.

அடுத்த மாதம் பதினாறோடு அம்மா போய் மூன்று வருஷம். தேதி நெருங்க நெருங்க வேறு எதிலும் மனசு ஓட மாட்டேன் என்கிறது. சனிக்கிழமை விடியற்காலை அம்மா போனாள். செண்பகம் அடித்துப் பிடித்து டிக்கெட் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் திருவனந்தபுரத்தில் இறங்க முடியும் என்றாள். ஒரு ராத்திரி வைத்திரு அக்கா என்று போனில் கெஞ்சினாள். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை என்று சொன்னேன். பெட்டி இல்லாமல் எப்படி வைப்பது? சனிக்கிழமைச் சாவு வேறு, பெரியவர்கள் பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். எடுத்துவிட்டோம். அவள் வந்து வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். அன்றைக்கு விட்ட பேச்சுதான்.

பெட்டி கிடைக்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

தொட்டி கழுவியவர் மூடியை உடைத்துவிட்டார். புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

ரெஜினா சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். ஃபீட் விஷயம் என்ன ஆயிற்று என்று பிடுங்கி எடுத்தாள். மெயிலில்தான் யார் படித்தார்கள் என்று தெரிகிறது, அந்த வசதியை எப்படி விடுவது என்று கேட்டேன். சரி, காட்டுங்கள் பார்ப்போம் என்றாள். பட்டியலைத் திறந்து காட்டினேன். பெருமையாகவே காட்டினேன். இதோ பார், இவர் வாராவாரம் ஒரே நிமிஷத்தில் படித்துவிடுகிறார் என்று செண்பகத்தின் வரியைத் தொட்டேன். யார் என்று சொல்லவில்லை.

ரெஜினா அந்த வரியிலிருந்த நேரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“இது ஆளு இல்ல மேடம். மெஷின்.”

சில மெயில் நிறுவனங்கள், கடிதம் வந்து சேர்ந்ததுமே அதிலுள்ள படங்களைத் தாங்களே பிரித்து இறக்கி வைத்துக்கொள்கின்றனவாம். கடிதத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் இருக்கிறதாம், அது இறங்கினால் இந்தப் பட்டியல் ‘திறந்தார்’ என்று எழுதிக்கொள்கிறதாம். பெட்டிக்குச் சொந்தக்காரர் தூங்கினாலும் சரி, அந்தப் பெட்டியையே மறந்துவிட்டாலும் சரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்குத் தெரியாது, அவள் அப்படித்தான், சின்ன வயசிலிருந்தே எதிலும் அவசரக்காரி என்றேன். யார் மேடம் என்று கேட்டாள்.

அவள் பட்டியலில் கீழே போய்த் தன் பெயரைக் காட்டினாள். “ரெண்டு மாசமா நான் ஒங்க பூச்சியப் படிக்கவே இல்ல மேடம். பேப்பர் திருத்துத வேல. ஏசாதீங்க. ஆனா பாருங்க.”

ரெஜினா: 6:31, 6:31, 11:01, 6:31. செண்பகத்துக்கு எப்படியோ, அப்படியே. இன்னும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதே நிமிஷத்தில் இருந்தார்கள். மூன்று வருஷமாக அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ரெஜினாவுக்குக் காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் அதை அப்படியே குடித்து முடித்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

கல்லூரிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலை நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

அம்மா போன அடுத்த மாதம்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். கல்லூரி மாணவிகளுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் முதலில் சேர்த்த முகவரி செண்பகத்துடையது. அவளைக் கேட்காமல் நானே சேர்த்தது. அவள் பழைய முகவரி அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உள்ளதைத்தானே எழுதுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

கடைசி மெயில் அனுப்பினேன். ‘அடுத்த வாரத்திலிருந்து “வாரம் ஒரு பூச்சி” எங்கள் தளத்தின் ஓடையில் வரும். ரீடரில் சேர்த்துக்கொள்வது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். அது சிரமம் என்பவர்கள் இதற்கு ஒரு வரி பதில் போடுங்கள், மெயிலிலேயே அனுப்புகிறேன். பதில் போடாதவர்களின் முகவரியை அழித்துவிடுவேன்.’ ரெஜினா படித்துவிட்டு, கொஞ்சம் கோபமாக இருக்கிறதே மேடம் என்றாள். இருக்கட்டும்.

ஒரு வரி பதில். அதைக் கேட்கத்தான் இந்த மெயில் முழுவதும். அனுப்பிய பிறகு பழக்கதோஷத்தில் கை பட்டியலுக்குப் போனது. கணினியை மூடினேன்.

ஜூலை 9, புதன்

நாற்பத்தொரு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். பெயர்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தேன். சண்முகநாதன், சரஸ்வதி, சுந்தரி. அதற்குப் பிறகு தங்கராஜ் வந்துவிடுகிறார்.

மற்ற முகவரிகளை அழித்தேன். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் அழிக்கலாம். ஒரு பெயரை மட்டும் தனியாக அழித்தேன், கடைசியாக.

ஜூலை 11, வெள்ளி

முதல் ஓடை. கும்பிடுபூச்சி. ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து, தானே பிழை பார்த்து, தானே வெளியிட்டாள். காஜா மைதீனுக்கு முகவரி அனுப்பினேன். ‘அல்ஹம்துலில்லாஹ், டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது’ என்று பதில் வந்தது.

ரெஜினா போன பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பார்க்கப் பட்டியல் இல்லை, மணி இல்லை, பெயர் இல்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். ஆனால் இந்த வாரம் எழுதும்போது எந்த வரிக்கும் ‘இது அவளுக்குப் பிடிக்குமா’ என்று யோசிக்கவில்லை, கும்பிடுபூச்சியை மட்டும்தான் யோசித்தேன். அது ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது. ரெஜினாவிடம் சொல்ல மாட்டேன், தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

ஜூலை 16, புதன்

அம்மாவின் நாள். கத்தரிக்காய்ப் புளிக்கறி வைத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, கல்லூரிக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன்.

நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்கு எழுதலாம் என்று தளத்தைத் திறந்தேன். குளவி பற்றித்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே ‘செண்பகம்’ என்று எழுதியிருந்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். பெட்டி கிடைத்தது. பெட்டிக்காரர் வாசலில் வண்டியோடு வந்து நின்றார். நான்தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். பதினாலு மாதம் அம்மாவை நான் ஒருத்தியாகத் தூக்கினேன், துடைத்தேன், ஊட்டினேன். நீ போனில் ‘அம்மா சாப்பிட்டாளா’ என்று கேட்பாய். கடைசியில் நீ வந்து கட்டிப்பிடித்து அழுவாய், தெருவே உன்னைத் தேற்றும், நான் அடுப்படியில் வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. ஒரு நிமிஷ ஆத்திரம். அந்த ஒரு நிமிஷத்தால் நீ அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் மேல் பழி போட்டேன், பெட்டி மேல் பழி போட்டேன். என் மேல் போடவில்லை.

எழுதி முடித்து, எப்போதும் செய்வதுபோல வெளியிட்டு, போனில் படித்தேன். அவள் போனில் படித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. பிறகு அழித்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

ஜூலை 17, வியாழன்

காலையில் காஜா மைதீனின் மெயில்.

‘அம்மா, நேற்று உங்கள் ஓடையில் பூச்சிக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. கொஞ்ச தூரம் படித்த பிறகுதான் அது எனக்கு எழுதியதில்லை என்று புரிந்தது. அப்போதும் நிறுத்தாமல் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். என் ரீடரிலிருந்து அழித்துவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அது உங்கள் தங்கைக்குப் போய்ச் சேர்ந்ததா?’

ஓட்டமும் நடையுமாகக் கல்லூரிக்குப் போய் ரெஜினாவை வகுப்பிலிருந்தே வெளியே கூப்பிட்டேன். வெளியிட்ட அந்த இரண்டு நிமிஷத்துக்குள் எந்தச் செயலி வந்து பார்த்ததோ அது எடுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். நான் இங்கே அழித்தால் தளத்தில்தான் அழியும், எடுத்துப் போனவர்களிடம் அப்படியே இருக்குமாம். எத்தனை பேர் எடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். தெரியாது மேடம் என்றாள், இந்த முறை சிரிக்காமல்.

மரத்தடியில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். வகுப்புக்குத் திரும்பிப் போகாமல் மணி அடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வந்து காஜா மைதீனுக்குப் பதில் எழுதினேன். ‘இல்லை ஐயா, போய்ச் சேரவில்லை.’ அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேருக்கு என் குற்றம் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர வேண்டியவளுக்குச் சேரவில்லை. மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் பூச்சியை அனுப்பிவிட்டு, அவளோடு பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

குளவி எழுதவில்லை. இன்று அவளுக்கு விடுமுறை. பத்தரை மணிக்குப் போன் செய்தேன்.

நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். “சொல்லு” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. நலமா, வெயில் எப்படி என்று ஆரம்பித்தால் அப்படியே நழுவிவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். பெட்டி வந்தது, நான் திருப்பி அனுப்பினேன், ஏன் அனுப்பினேன், எல்லாம். குரல் இரண்டு இடத்தில் போய்விட்டது, நிறுத்திச் சொன்னேன். முடிந்தபோது அந்தப் பக்கம் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“பெட்டி வந்துச்சின்னு எனக்குத் தெரியும்க்கா. அந்த வாரமே தெரியும். பெட்டிக்காரரு பொண்டாட்டி எங்கூடப் படிச்சவ. ‘ஒங்க அக்கா ஏன் வேண்டாம்னுட்டா’ன்னு அவளே எங்கிட்டக் கேட்டா. நீ எப்பம் சொல்லுவன்னுதான் நான் இருந்தேன்.”

மூன்று வருஷம். நான் அவள் படிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் நான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபம் இருக்கு, இல்லாமல் எங்கே போகும் என்றாள். நியாயம்தான். பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, என் பூச்சிக் கடிதம் ஏதாவது படித்தாயா என்று கேட்டுவைத்தேன். என்ன பூச்சி என்றாள். அந்த மெயிலின் பாஸ்வேர்டு மறந்தே ரொம்ப காலம் ஆகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறாய் என்று அதட்டினாள், சின்ன வயசில் அதட்டுகிற அதே அதட்டல்.

பிறகு அன்றைக்கு நடந்ததைக் கேட்டாள். யார் குளிப்பாட்டினார்கள், எந்தச் சேலை, மழை இருந்ததா. ஒவ்வொன்றாகச் சொன்னேன். இதையெல்லாம் இதுவரை ஒருவரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

“எக்கா, வாய்க்கரிசி போடும்போது எனக்காவ யாராச்சும் போட்டாங்களா?”

போட்டேன் என்றேன். என் பிடியைப் போட்டு முடித்த பிறகும் நான் நகராமல் நின்றேன். பின்னால் வரிசை நின்றது. பெரியப்பா மகன் தோளைத் தொட்டு, ஒருத்தருக்கு ஒரு தடவைதான், தள்ளிக்கோ என்றார். இது செண்பகத்துக்கு என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு இன்னொரு பிடி அள்ளி அம்மா வாயில் போட்டேன். காலையில் பெட்டியைத் திருப்பி அனுப்பின அதே நான்தான். அதை எப்படிச் செய்தேன், இதை எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செண்பகம் முதலில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள், அம்மா அம்மா என்று, இன்றைக்குத்தான் செய்தி கேட்டவள் மாதிரி.

“அழுதுக்கோட்டி” என்றேன். “நான் லைன்லதான் இருக்கேன்.”